முடிவு தெரிந்த சிரிப்பு

மனமகிழ்வுக்காக மட்டும் எடுக்கப்பட்ட ஒரு திரைப்படத்தை ஒருவர் ஒருமுறை பார்த்தால் அதனை இளைப்பாறல் என்கின்றோம். அதே படத்தை அவர் இருபதாவது முறையும் பார்த்தால் அதற்கு என்ன பெயர் இடுவது? சோம்பல் என்பர் சிலர். உலகத்தை மறக்க முயலும் கோழைத்தனம் என்பர் வேறு சிலர். முற்போக்கு எண்ணங் கொண்ட நம் நண்பர்களிடையே இப்பேச்சு எழும்போதெல்லாம் குரல் சற்றுக் கடுமையாகவே ஒலிக்கின்றது.

பேச்சு எழுவதற்குக் காரணமும் உண்டு. நம்மவர் வீடுகளிலே, அதிலும் ஆசிரியர் வீடுகளிலே, நூல் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு திரைப்படச் சேகரிப்பு இருப்பது வழமையாகிவிட்டது. எண்பதுகளில் வாங்கிய வீடியோ கசெற்றுகள் ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்திருக்கும். அவற்றை இட்டுப் பார்க்கும் 'டெக்' எப்போதோ பழுதாகியிருக்கும். பின்னர் வந்த இறுவட்டுகள் கீறல் விழுந்து கிடக்கும். இப்போது எல்லாவற்றையும் பெருவிரல் அளவான ஒரு பென் டிரைவில் அடக்கி வைத்திருப்பர். கருவிகள் மாறினும் படங்கள் மாறுவதில்லை. 'சபாபதி', 'மிஸ்ஸியம்மா', 'காதலிக்க நேரமில்லை', 'பாமா விஜயம்', 'தில்லுமுல்லு', 'மைக்கேல் மதன காமராஜன்' என்று அந்த வரிசை செல்லும். மேல்தட்டிலே மார்க்ஸும் கோர்க்கியும் புதுமைப்பித்தனும். கீழ்த்தட்டிலே தங்கவேலுவும் பாலையாவும் நாகேசும். எந்தத் தட்டிலே தூசி படிந்திருக்கின்றது என்று வந்தவர் உற்று நோக்கினால் வீட்டுக்காரர் சிறிது கூச்சமடைகின்றார். அக்கூச்சம் நியாயமானதா என்பதையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

குற்றச்சாட்டு இரண்டு பகுதிகளைக் கொண்டது. பார்க்கும் படம் இலேசானது என்பது ஒன்று. பார்த்ததையே பார்ப்பது என்பது மற்றொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவல் கான்ற் 1790 இல் வெளியிட்ட நூலொன்றிலே சிரிப்புக்கு ஓர் இலக்கணம் கூறினார். எதையோ எதிர்பார்த்து இறுகி நிற்கும் மனம், அவ்வெதிர்பார்ப்புத் திடீரென ஒன்றுமில்லாமற் போகும்போது சிரிக்கின்றது என்பது அவர் கருத்து. இது முற்றிலும் உண்மையாயின் முடிவு தெரிந்த கதைக்குச் சிரிப்பு வரவே கூடாது. ஆயின் வீட்டிலே நாம் காண்பது வேறு. பகிடி வருவதற்கு முன்னரே சிரிப்பு வந்துவிடுகின்றது. அடுத்து வரும் வசனத்தைச் சிறுவன் ஒருவன் முந்திக்கொண்டு சொல்லுகின்றான்; தாய் அவனை அடக்குகின்றாள்; அடக்கிக்கொண்டே தானும் சிரிக்கின்றாள். அறியாமை கலைவதால் எழும் சிரிப்பு என்று இதனைச் சொல்ல முடியாது. அறிந்த ஒன்று தவறாமல் வந்து சேர்வதைக் கண்டு எழும் சிரிப்பு இது. கான்ற் இதனை எண்ணிப் பார்க்கவில்லை போலும். அவர் காலத்தில் கொனிக்ஸ்பேர்க் நகரத்திலே 'டெக்' இருக்கவில்லை.

நமது கூத்து மரபை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. காத்தவராயன் கூத்துப் பார்க்கப் பாயும் தலையணையுமாகப் போகும் கிழவிக்குக் காத்தவராயன் கழுவேறப் போவது தெரியும். அவள் பாட்டியும் அதனை அறிந்தே போனாள். கதையின் முடிவை அறிவதற்காக அவள் விடியும்வரை பனியிலே இருப்பதில்லை. அண்ணாவியார் இவ்வாண்டு யாரைப் பழக்கியிருக்கின்றார், அவன் குரல் எப்படி, ஆட்டம் எப்படி, சென்ற ஆண்டு ஆடியவனுக்கு இவன் ஈடாவானா என்பனவே அவள் பார்ப்பவை. கதை புதிதாக இருந்தாக வேண்டும் என்னும் கட்டாயம், வாரந்தோறும் புதிய சீட்டு விற்கவேண்டியவர்களின் கட்டாயம். அதனை நாம் கலையின் விதியென்று மயங்க வேண்டியதில்லை. நாடகாசிரியர் பெர்தோல்ட் பிரெக்ட், பார்வையாளரின் கண் கதையின் முடிவை நோக்கி ஓடாமல் அது செல்லும் வழியிலே பதியவேண்டும் என்று வற்புறுத்தினார். அதற்காக மேடையிலே எத்தனையோ உத்திகளைக் கையாண்டார். ஒரு படத்தை ஆறாவது முறை பார்ப்பவருக்கு அந்நிலை எவ்வித உத்தியும் இன்றியே கைகூடுகின்றது.

எல்லா மறுபார்வையும் கண் திறந்த பார்வை என்று நாம் வாதிட வரவில்லை. படத்தை ஓடவிட்டுவிட்டு வெங்காயம் உரிப்பவரும் உளர். அவர் கண்ணிலே நீர் வந்தால் அது வெங்காயத்தின் பெருமையே.

ஆயினும் கண்ணைத் திறந்து பார்க்கும்போது என்ன நிகழ்கின்றது? ஸ்ரீதரின் இயக்கத்தில் 1964 இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை'யில் எல்லாரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. படம் எடுக்கப்போவதாகச் சொல்லித் திரியும் மகனாக வரும் நாகேஷ், தாம் எடுக்க எண்ணியுள்ள பேய்க்கதையைத் தந்தையாக வரும் டி. எஸ். பாலையாவுக்குச் சொல்லுகின்றார். காட்சியிலே பேய் இல்லை. இருண்ட மாளிகையும் இல்லை. ஒரு முதியவர் கேட்கின்றார். ஒரு மெலிந்த இளைஞர் கையாலும் வாயாலும் ஒலியெழுப்பிக்கொண்டு கதை சொல்கின்றார், அவ்வளவே. முதன்முறை பார்ப்பவரின் கண் நாகேஷின் பின்னாலேயே ஓடும். அடுத்து என்ன செய்வாரோ என்ற ஆவல் அப்படி. மூன்றாவது, நான்காவது முறையிலேதான் கண் மெல்லப் பாலையாவின் பக்கம் திரும்புகின்றது. கதை கேட்க மனமில்லாதவராகத் தொடங்கி, படிப்படியாகக் கதையின் பிடியில் அகப்பட்டு, தம் சொந்த வீட்டிலேயே அச்சத்தால் உறைந்து போகும் அம்முகத்தை அதன்பின் மறக்க முடிவதில்லை. அக்காட்சியின் உயிர் கேட்பவரிடம் இருக்கின்றது. சொல்பவரை விட்டுக் கேட்பவரைப் பார்க்கும் அவகாசத்தை நமக்குத் தந்தது, கதை தெரியும் என்ற ஒன்றே.

இவ்வாறு விடுபட்ட கண் அதன்பின் எங்கே செல்கின்றது என்பதே நமது கவனத்துக்குரியது. அது சிரிப்பு நிற்கும் தரையைப் பார்க்கத் தொடங்குகின்றது.

அதே படத்தின் கதையை நினைவு கூர்வோம். பாலையா ஒரு தோட்ட முதலாளி. அவரிடம் வேலை செய்த இளைஞன் ஒருவன் அவர் பெண்மக்களுடன் முரண்பட்டதால் வேலையிலிருந்து நீக்கப்படுகின்றான். அவன் முதலாளியின் வீட்டுக்கு முன்னே கூடாரமடித்து, வேலை கேட்டுப் போராட்டம் நடத்துகின்றான். ஆட்டமும் பாட்டுமாக நடக்கும் போராட்டமாதலால் முதன்முறை பார்ப்பவர் அதனைப் போராட்டமென்றே கருதுவதில்லை. பின்னர் அவன் பெருஞ்செல்வர் ஒருவரின் மகனாக நடிக்கத் தொடங்கியதும், சற்று முன்வரை அவனை விரட்டிய அதே மனிதர் உடல் குழைந்து, குரல் குழைந்து உபசரிக்கின்றார். ஆள் மாறவில்லை, அவன் பெயருக்குப் பின்னால் நிற்கும் தொகை மாறியது. 2017 ஆம் ஆண்டிலே வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் வெயிலிலே பந்தலிட்டு மாதக்கணக்காக அமர்ந்திருந்த காட்சியைக் கண்டவர்கள், அப்படத்தின் கூடாரத்தை மறுபடி பார்க்கும்போது பழைய சிரிப்போடு வேறொன்றும் சேர்ந்து எழுவதை உணர்ந்திருப்பர்.

இது தற்செயலா? 1981 இல் கே. பாலசந்தர் இயக்கிய 'தில்லுமுல்லு'வைப் பாருங்கள். இந்தியில் 1979 இல் வந்த 'கோல் மால்' படத்தின் தழுவல் அது. வேலை தேடும் இளைஞன் ஒருவன், மீசையைப் போற்றுபவரும் விளையாட்டை வெறுப்பவருமான ஒரு முதலாளிக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டு வேலை பெறுகின்றான். பின்னர் விளையாட்டுப் போட்டி பார்க்கப் போன இடத்திலே முதலாளியின் கண்ணிற் பட்டதும், மீசையில்லாத இரட்டைச் சகோதரன் ஒருவனைக் கற்பித்துக்கொள்ள நேர்கின்றது. இல்லாத தாய்க்கு ஆள் பிடிக்கவும் நேர்கின்றது. சம்பளம் கொடுப்பவர் எட்டு மணிநேர உழைப்போடு தொழிலாளியின் மீசைக்கும் சேர்த்தே விலை பேசிவிடுகின்றார் என்னும் செய்தி இதிலே எவ்வளவு இலேசாகச் சொல்லப்பட்டிருக்கின்றது!

எனினும் நம் வாசகருட் பெரும்பாலோர் ஆசிரியர்களும் ஆசிரியராகப் போகின்றவர்களும் ஆதலின் 'மிஸ்ஸியம்மா'வைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசவேண்டும். எல். வி. பிரசாத் இயக்கிய அப்படம் 1955 இல் வெளிவந்தது. கதையின் மூலம் வங்காளத்து மேடை நாடகம் ஒன்று. ஓர் ஊர்ப் பெரியவர் தாம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் பட்டதாரித் தம்பதியர் ஆசிரியராகத் தேவை என்று விளம்பரம் செய்கின்றார். மணமாகாதவருக்கு இடமில்லை. வேலையற்ற ஓர் இந்து இளைஞனும், குடும்பக் கடனுக்கு வழி தேடும் மேரி என்னும் கிறிஸ்தவப் பெண்ணும் கணவன் மனைவியாக நடித்து அவ்வேலையைப் பெறுகின்றனர். கடன் கொடுத்தவனோ மேரியை மணந்துகொள்ளக் காத்திருக்கின்றான். வேலையின்மை, கடன், மதம், பெண்ணின் சுதந்திரம் என்று நான்கு பெரும் பிரச்சினைகளைத் தோளிலே சுமந்துகொண்டு இவ்வளவு துள்ளலாக நடக்கும் படம் வேறொன்று உண்டோ என்பது ஐயமே. (கணவனுக்கு வவுனியாவிலும் மனைவிக்கு மட்டக்களப்பிலும் நியமனம் கிடைத்த ஆசிரியத் தம்பதியர் இப்படத்தைப் பார்க்கும்போது சிரிப்பின் சுவை சற்று வேறுபடும். அங்கே மணமாகாதவர் தம்பதியராக நடித்து ஒரே பள்ளிக்கூடத்திற் சேர்கின்றனர். இங்கே மணமானவர் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டு மணமாகாதவர்போல் வாழ்கின்றனர்.)

படத்தின் முடிவிலே மேரி பிறப்பாற் கிறிஸ்தவப் பெண் அல்லள் என்பதும், அப்பெரியவர் சிறுவயதிலே தொலைத்துவிட்ட மகளே அவள் என்பதும் வெளியாகின்றன. முதன்முறை பார்ப்பவர் மனநிறைவோடு எழுந்து செல்கின்றார். முடிவு தெரிந்து பார்ப்பவருக்கு அந்த மனநிறைவு கிட்டுவதில்லை. பள்ளிக்கூடத்து முதலாளி ஆசிரியை ஒருத்தியிடம் காட்டும் பரிவு ஒவ்வொன்றும் இப்போது தந்தை மகளிடம் காட்டும் பரிவாகத் தெரிகின்றது. வேலையற்ற பட்டதாரியின் சிக்கல் தீர்ந்தது எப்படி? அவள் சொத்துக்கு உரியவளாகப் பிறந்திருந்தமையால். இந்துவும் கிறிஸ்தவரும் மணந்துகொள்ளலாமா என்ற வினா தீர்ந்தது எப்படி? அவள் கிறிஸ்தவளே அல்லள் என்று சொன்னதால். வினாவை எழுப்பும் துணிவு படத்துக்கு இருந்தது. விடைக்கு வந்தபோது அது பிறப்பின் பின்னே ஒளிந்துகொண்டது. அந்த ஒளிப்பை நாம் கண்டுகொண்டது பத்திரிகை விமர்சனத்தால் அன்று. வீட்டிலே, பாயிலே இருந்து, ஐந்தாறு தடவை சிரித்துப் பார்த்ததால் கண்டுகொண்டோம்.

ஆகவே இலேசான படம் என்னும் குற்றச்சாட்டை அப்படியே ஏற்பதற்கில்லை. தீவிரமான படம் என்று பெயரெடுத்தவற்றுட் பலவற்றிலே கதாநாயகன் என்ன தொழில் செய்து உண்கின்றான் என்பதே தெரிவதில்லை. இலேசான படங்களிலோ சம்பளம், கடன், வாடகை, நேர்முகத் தேர்வு, முதலாளியின் முகக்குறிப்பு என்பன கதையின் அச்சாணியாக நிற்கின்றன.

இவ்விடத்து நம் தோழர்கள் ஜெர்மானிய அறிஞர் அடோர்னோவைத் துணைக்கழைப்பர். அவரும் ஹோர்க்ஹைமரும் எழுதி 1947 இல் நூலாக வெளிவந்த ஆய்விலே, கேலிச்சித்திரப் படங்களில் டொனால்ட் டக் வாங்கும் அடி, பார்ப்பவர்கள் தாம் வாங்கும் அடிக்குப் பழகிக்கொள்வதற்கான பயிற்சியே என்று கூறினர். கடுமையான கூற்று, ஆனால் அலட்சியப்படுத்தக் கூடியதன்று. 1989 இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்து வாழைப்பழக் காட்சியை அறியாத தமிழர் இல்லை. அங்கே கவுண்டமணி அடிக்கின்றார், செந்தில் அடி வாங்குகின்றார், நாம் சிரிக்கின்றோம். அடோர்னோ இதனைப் பார்த்திருந்தால் தம் கூற்றுக்கு இன்னுமொரு சான்று கிடைத்ததென்று எழுதியிருப்பார். நாம் ஒன்றைச் சேர்த்துக் கூறுவோம். அக்காட்சியிலே வாதத்தில் வெல்பவர் அடி வாங்குபவர். இரண்டு பழத்துக்குக் காசு கொடுத்தவருக்குத் தம் கணக்குச் சரியென்று தெரியும். ஆனால் அதனை நிறுவ அவரால் முடியவில்லை. விடை இல்லாதபோது கை ஓங்குகின்றது. இந்த உறவை நம் மக்கள் பள்ளிக்கூடத்திலும் கந்தோரிலும் பொலிஸ் நிலையத்திலும் நன்கு அறிவர். அடிக்குப் பழகுவதற்காகத்தான் சிரிக்கின்றனர் என்பது பாதி உண்மை. அடிப்பவரிடம் விடை இல்லை என்பதைக் கண்டும் சிரிக்கின்றனர்.

இதற்கு நேர்மாறான பக்கத்திலே நிற்பது 1941 இல் பிரெஸ்டன் ஸ்ரேர்ஜஸ் எடுத்த 'சலிவன்ஸ் ட்ராவல்ஸ்' என்னும் அமெரிக்கப் படம். இலேசான படங்கள் எடுத்துச் சலித்த இயக்குநர் ஒருவன், ஏழைகளின் துயரைப் பற்றி மகத்தான படம் எடுக்க எண்ணி நாடோடி வேடத்திற் புறப்படுகின்றான். நிலைமை பிறழ்ந்து கைதியாகின்றான். ஓர் இரவு, சங்கிலியிட்ட கைதிகளைச் சிறிய தேவாலயம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று கேலிச்சித்திரப் படம் காட்டுகின்றனர். கைதிகள் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். அவனும் சிரிக்கின்றான். விடுதலை பெற்றதும், சிலருக்கு இவ்வுலகில் சிரிப்பு ஒன்றுதான் மிச்சம், ஆதலால் இனியும் சிரிப்புப் படமே எடுப்பேன் என்று முடிவு செய்கின்றான். முதன்முறை பார்க்கும்போது நெஞ்சு நெகிழ்கின்றது. மறுமுறை பார்க்கும்போது, ஹொலிவூட் தனக்குத் தானே எழுதிக்கொண்ட நற்சான்றிதழ் இது என்பது தெரிகின்றது. அவன் புகழ்பெற்ற மனிதனாதலால் வெளியே வந்தான். ஏனையோர் அங்கேயே இருக்கின்றனர். நம் கண் இப்போது அவனோடு ஹொலிவூட்டுக்குத் திரும்ப மறுத்து, அத்தேவாலயத்து வாங்குகளிலே சங்கிலியோடு இருந்தவர்களிடம் தங்கிவிடுகின்றது. அவர்களுக்குச் சிரிப்பைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை என்பதை ஓர் இயல்பான நிலைமையாக ஏற்றுக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அக்கைதிகள் சிரித்தது பிழையென்று சொல்ல எவருக்கும் நாவெழாது. நமக்கு அது இன்னுங் கிட்டிய விடயம். யாழ்ப்பாணத்திலே ஒரு வீட்டிற் சாவு நிகழ்ந்தால் அந்தியேட்டி முடியும்வரை அங்கே தொலைக்காட்சி பேசாது. அயல் வீட்டாரும் வானொலியின் சத்தத்தைக் குறைத்துக்கொள்வர். நல்ல வழக்கம். ஆனால் ஊர் முழுவதும் சாவீடாக இருக்கும் காலத்திலே எந்த வீட்டார் எப்போது சிரிப்பது? 1990 இன் நடுப்பகுதியிற் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போய்ப் பல ஆண்டுகள் வரவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. மண்ணெண்ணெய் தங்கமாக விற்ற அந்நாட்களிலும், யாரோ ஒரு வீட்டு முற்றத்தில் ஜெனரேற்றரும் 'டெக்'கும் வாடகைக்கு எடுத்து, அயலெல்லாம் கூடிப் படம் பார்த்த இரவுகள் உண்டு. அங்கே கூடியவருள் துயர் காணாத குடும்பத்தினர் எத்தனை பேர்? விமானத்தின் ஓசை கேட்டால் ஜெனரேற்றரை நிறுத்திவிட்டு இருளிலே காத்திருந்து, ஓசை அகன்றதும் விட்ட இடத்திலிருந்து சிரிப்பைத் தொடர்ந்தனர். இவர்கள் உலகத்தை மறந்தனர் என்று கூறுபவர் அந்த இருளிலே இருந்து பார்த்தவராக இருக்க முடியாது. சாவீட்டிலே விழித்திருக்கும் முதியவர்கள் நள்ளிரவுக்குப் பின் பழைய பகிடிக் கதைகளைத் தணிந்த குரலிற் பேசிக்கொள்வதையும் நாம் அறிவோம். இறந்தவரை அவமதித்தார்கள் என்று எவரும் அவர்களைக் கடிந்துகொண்டதில்லை.

ஆதலால் சிரிக்கலாமா என்ற வினாவிலே நமக்குப் பெரிய மயக்கம் இல்லை. மயக்கம் தரும் வினா வேறு. அச்சிரிப்புக்கு யார் விலை கொடுக்கின்றார்கள்?

நகை பிறக்கும் நிலைக்களன்களைக் கூறிய தொல்காப்பியர் எள்ளலை முதலில் வைத்தார். இளமை, பேதைமை, மடமை என்பனவற்றை அதன் பின்னே வைத்தார். முதலில் வைத்த காரணம் யாதாயினும், நம் நகைச்சுவைப் படங்களில் எள்ளலே முந்திக்கொண்டு நிற்கின்றது. கரிய நிறத்தவர், பருத்த பெண், திக்கிப் பேசுபவர், காது மந்தமானவர், வீட்டு வேலையாள், ஆணாகவும் பெண்ணாகவும் எண்ணப்படாதவர் என்று எள்ளப்படுவோர் பட்டியல் நீண்டது. அரிதாகவே எள்ளலின் கூர் மேல்நோக்கித் திரும்புகின்றது. 1941 இல் வெளிவந்த 'சபாபதி'யில் அது நிகழ்ந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து எடுக்கப்பட்ட அப்படத்திலே, செல்வர் மகனாக டி. ஆர். ராமச்சந்திரனும் வேலைக்காரனாகக் காளி என். ரத்தினமும் நடித்தனர். இருவருக்கும் பெயர் சபாபதி. வேலைக்காரன் சொன்னதைச் சொன்னபடியே செய்து காரியத்தைக் கெடுப்பவன். எசமானனும் அறிவிலே அவனுக்கு இளைத்தவன் அல்லன். பெயரும் ஒன்று, பேதைமையும் ஒன்று. ஒருவன் கட்டளையிடவும் மற்றவன் ஏவல் செய்யவும் காரணம் சொத்து மட்டுமே என்பது, படத்தை எடுத்தவர்கள் எண்ணியிருந்தாலும் எண்ணாவிட்டாலும், திரையிலே இருக்கின்றது.

இவ்விடத்திலே வீட்டுச் சேகரிப்புக்கும் திரையரங்குக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகின்றது. வின்ஸரிலோ மனோகராவிலோ படம் பார்த்த காலத்திலே அரங்கம் இருண்டிருந்தது. கலரியிலே இருந்தவர் சிரித்ததைக் கேட்டோமேயன்றி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எள்ளப்படுபவர் திரையிலே இருந்தார். அல்லது இருளிலே எங்கோ இருந்தார். வீட்டிலோ விளக்கு எரிகின்றது. எட்டடிக்கு எட்டடி அறை. கரிய நிறத்துப் பெண்ணைக் கண்டு கதாநாயகனின் நண்பன் அஞ்சி ஓடும் காட்சி வரும்போது, கரிய நிறத்து மகள் அதே பாயிலே இருக்கின்றாள். வேலையாளின் மடமைக்கு நாம் சிரிக்கும்போது, சமையலுக்கு வந்துபோகும் அம்மா கதவு நிலையிலே சாய்ந்து நின்று பார்க்கின்றார். திக்கிப் பேசும் சித்தப்பா சாய்மனைக் கதிரையிலே இருக்கின்றார்.

அவர்களும் சிரிக்கின்றனர். இதுவே கவனிக்கத்தக்கது. முதன்முறை பார்க்கும்போது நம் கண் திரையிலேயே நின்றதால், எல்லாருஞ் சிரித்தோம் என்று நினைத்துக்கொண்டோம். கதையும் பகிடியும் மனப்பாடமான பின்னர் கண்ணுக்குத் திரையிலே வேலை குறைகின்றது. நாகேஷை விட்டுப் பாலையாவைப் பார்க்கப் பழகிய அதே கண், இப்போது திரையை விட்டு அறையைப் பார்க்கின்றது. அப்போது ஒன்று தெரியவருகின்றது. அறையிலே ஒருவர் ஒரு கணம் பிந்திச் சிரிக்கின்றார். மற்றவர்கள் சிரித்துவிட்டனர், தானும் சிரிக்கவேண்டும் என்று தீர்மானித்து அவர் சிரிக்கின்றார். அந்த ஒரு கணத்திலே அவர் செய்த கணக்கு என்ன என்பதை நாம் கேட்டதில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை அக்கணக்கை நாற்பது வயதுவரை செய்துகொண்டிருப்பாள்.

இத்தகைய படங்களைச் சேகரிப்பிலிருந்து எறிந்துவிட வேண்டும் என்று வாதிடும் நண்பர்களை நாம் மதிக்கின்றோம். ஆயினும் உடன்பட முடியவில்லை. எறிந்துவிட்டால் அலுமாரி தூய்மையாகும். நாம் சிரித்தது சிரித்ததே. அக்காட்சிகளை மட்டும் வெட்டிவிடலாம் என்று கூறுவோரிடமும் நமக்கு நம்பிக்கை இல்லை. வெட்டிய படத்தைப் பார்க்கும் அடுத்த தலைமுறை நம்மை நாம் இருந்ததைவிட நல்லவர்களாக எண்ணிக்கொள்ளும். வீட்டுக் கருவிக்குத் திரையரங்கில் இல்லாத ஒரு வசதி உண்டு: வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். நிறுத்திக் கேட்கலாம். இது பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்பது உண்மை. பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார் என்று முணுமுணுப்பர். அம்முணுமுணுப்பும் ஓரளவு நியாயமானதே. சில பகிடிகளுக்கு நிறுத்த வேண்டிய தேவையும் நேர்வதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் வீட்டை அதிரவைத்த ஒரு காட்சி இன்று ஓடும்போது ஒருவரும் சிரிக்காமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்திருந்துவிட்டு அடுத்த காட்சிக்குக் காத்திருப்பதை நாம் பல வீடுகளிற் கண்டிருக்கின்றோம். எவரும் தீர்ப்புக் கூறவில்லை. பகிடி தானாகச் செத்தது. பாலையா குழையும் காட்சிக்கோ இன்றும் அறை முழுவதும் ஒரே கணத்திற் சிரிக்கின்றது. பணத்தின் முன் குழைபவரைக் கண்டு பிந்திச் சிரிக்கவேண்டிய தேவை அவ்வறையில் எவருக்கும் இல்லை.

நம் அலுமாரிகளிலே இல்லாத ஒரு படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மேலே பெயர் கூறிய தமிழ்ப் படங்கள் யாவும் தமிழகத்திலிருந்து வந்தவை. இலங்கையிலும் நாம் சிரிப்பதற்கென்று ஒரு தமிழ்ப் படம் எடுக்கப்பட்டது. வானொலியில் எஸ். ராமதாஸ் எழுதி நடித்துப் புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரை அடியொற்றி 1976 இல் 'கோமாளிகள்' வெளிவந்தது. அதன் சிரிப்பு பேச்சுமொழியிலே பிறந்தது. மரைக்கார் முஸ்லிம்களின் தமிழைப் பேசினார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ். உபாலி சிங்களவர் பேசும் தமிழ். ஐயர் பிராமணத் தமிழ். மரைக்காராக நடித்தவர் ராமதாஸ். ஐயராக நடித்தவர் பி. எச். அப்துல் ஹமீத். ஒருவர் தமிழை மற்றவர் நாவிலே வைத்து, நால்வரும் நால்வரையும் எள்ளிச் சிரித்த படம் அது. ஏழு ஆண்டுகளின் பின், 1983 ஜூலையிலே, ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. உபாலியின் தமிழுக்குச் சிரித்த பலர் கப்பலேறி வடக்கே வந்தனர். 1990 ஒக்டோபரிலே வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குச் சில மணிநேர அவகாசமே கிடைத்தது.

'கோமாளிகள்' இப்போது ஒரு யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையிலே ஓடுமாயின் மரைக்காரின் தமிழுக்குச் சிரிக்க நாம் இருப்போம். சோனகத் தெருவுக்கு மீண்டு வந்த குடும்பங்கள் சில உண்டு. அவர்களுள் ஒருவர் நம் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து பார்த்தாற்றான், அவர் நம்மோடு சேர்ந்து சிரிக்கின்றாரா, ஒரு கணம் பிந்துகின்றாரா என்பது நமக்குத் தெரியவரும்.